குளிர்கால மழையில் கடலோரப் பாதை நடை: முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில், மழை பெய்யும் ஒரு நாளில், கடலோர ஒற்றையடிப் பாதையில் நடக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது மழையைப் பற்றித்தான். பல ஆண்டுகளாக இப்படி நடந்து வரும் எனக்கு மழை நான்காவது கவலை. முதல் கவலை கடிகாரம்: எத்தனை மணிக்கு இருட்டும், எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்ற இரண்டு நேரங்கள். அடுத்தது காற்று. அதற்கு அடுத்தது காலுக்குக் கீழே உள்ள நிலம். இந்த மூன்றையும் முந்தைய நாள் மாலையே மேசையில் உட்கார்ந்து யோசித்து முடித்தவர், மறுநாள் மழைக்குள் நிம்மதியாக இறங்கலாம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாக இருக்கிறது.

முதல் படி: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

கடலோரப் பாதை என்றால் சமதளமாக இருக்கும் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. மணற்கரையை ஒட்டிச் செல்லும் பாதைகள் சமமாக இருக்கலாம்; ஆனால் ஓங்கல்களின் (கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைச் சரிவுகளின்) மேல் செல்லும் பாதை, ஓடை கடலில் கலக்கும் ஒவ்வொரு இடத்திலும் கீழே இறங்கி மறுபடியும் மேலே ஏறும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை 1,014 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதை முழுவதும் நடப்பவர் ஏறும் மொத்த உயரம் சுமார் 35,000 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே வரைபடத்தில் தூரத்தை அளந்தவுடன் நிறுத்திவிடாமல், சமவுயரக் கோடுகளை எண்ணி, எத்தனை மீட்டர் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மழை நாளுக்கு நான் தேர்ந்தெடுக்கும் பாதையில் இரண்டு அம்சங்களைப் பார்ப்பேன். முதலாவது, நடுவழியில் விலகிச் செல்ல வசதி. இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது உள்நாட்டுச் சாலைக்கோ ஊருக்கோ போகும் கிளைப்பாதை இருக்க வேண்டும். அந்தக் கிளைப்பாதைகளை வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு வைக்கிறேன். இரண்டாவது, காற்றின் திசை. போன வழியே திரும்பும் நடை என்றால், முதல் பாதியில் காற்றை முகத்தில் வாங்கி நடந்து, களைத்த பிறகு அதை முதுகில் வைத்துக்கொண்டு திரும்புவதே நல்லது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளினால் நடை சுகமாக இருக்கும், வேகமும் கூடும். திரும்பும் நேரத்தில்தான் நனைந்த உடலோடு எதிர்க்காற்றில் அதே தூரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

இரண்டாம் படி: வெளிச்சத்தைக் கணக்கிடுதல்

50 பாகை அகலாங்கில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் சுமார் எட்டு மணி நேரம்; 60 பாகையில் அது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. கனத்த மேகம் மூடிய நாளில், சூரியன் மறைவதாக அட்டவணை சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்பே பாதையில் உள்ள கல்லும் குழியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எனவே அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே நடை முடிந்துவிடும்படி திட்டமிடுங்கள்.

நடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது. இன்று வழங்கும் மெட்ரிக் வடிவில் அது எளிமையானது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மொத்தம் பத்து கிலோமீட்டர், 450 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் வரும். ஆனால் இது நல்ல உடற்தகுதி உள்ளவர், நல்ல நிலத்தில், நில்லாமல் நடக்கும் நேரம். சேறும் எதிர்க்காற்றும் கூடும்போது அதோடு பாதியளவைச் சேர்ப்பது என் வழக்கம். அப்போது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். இளைப்பாற அரை மணியும், எதிர்பாராதவற்றுக்கு அரை மணியும் சேர்த்தால் சுமார் ஐந்து மணி நேரம். நான்கு மணிக்குச் சூரியன் மறையும் என்றால் மூன்று மணிக்கு முடிக்க வேண்டும். பத்து மணிக்குப் பாதையில் கால் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும் மிக முக்கியமான எண், திரும்ப வேண்டிய நேரம். மேலே சொன்ன நடையில் அது பன்னிரண்டரை மணி. அதை முந்தைய நாளே காகிதத்தில் எழுதி வையுங்கள். பன்னிரண்டரை ஆனதும், நீங்கள் நினைத்த முனையை எட்டியிருந்தாலும் எட்டாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். பாதையில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முயன்றால், அடுத்த திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற ஆசை எப்போதும் வென்றுவிடும்.

மூன்றாம் படி: ஏற்றவற்றத்தை வாசித்தல்

பாதை முழுவதும் ஓங்கலின் மேலேயே செல்கிறது என்றால் இந்தப் படியை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் பல கடலோரப் பாதைகள் எங்காவது ஓரிடத்தில் கடற்கரைக்கு இறங்குகின்றன, அல்லது ஒரு கழிமுகத்தைக் கடக்கின்றன. அந்த ஓரிடம்தான் அன்றைய நாளின் நேர அட்டவணையைத் தீர்மானிக்கும்.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்குச் சராசரியாக 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அரைநிலா நாட்களையொட்டி இரண்டும் குறைவு. இடத்துக்கு இடம் அளவு பெரிதும் மாறுகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் வேறுபாடு கண்ணில் படாத அளவு சிறியது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். ஆகவே ஒரு கரையில் பெற்ற அனுபவத்தை இன்னொரு கரைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைக்க வேண்டும். கடலோடிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் ஒரு பங்கு விதியின்படி, ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தில் 12-இல் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தாவதில் 2 பங்கும், ஆறாவதில் 1 பங்கும் ஏறும். மொத்த வேறுபாடு ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் நீர் அரை மீட்டர்தான் உயரும். கரையில் நிற்பவருக்குக் கடல் அசையவே இல்லை என்று தோன்றும். மூன்றாம் மணியில் அது ஒன்றரை மீட்டர் உயரும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற மெல்லிய சரிவுள்ள மணற்பரப்பில், ஒன்றரை மீட்டர் உயர்வு என்பது 150 மீட்டர் அகல மணலை ஒரே மணி நேரத்தில் நீர் விழுங்குவதாகும். கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளின் அடியில் இருக்கும் ஒடுங்கிய பகுதிகள் முதலில் மூடிக்கொள்ளும். நீங்கள் நிற்கும் குடா மட்டும் உலர்ந்த மணலோடு, வெளியேற வழியில்லாமல் நிற்கும்.

எனவே கரைப்பகுதியை நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கடக்கத் தொடங்கி, அது மறுபடியும் ஏறத் தொடங்குமுன் மேலே வந்துவிட வேண்டும். மழை நாளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏற்றவற்ற அட்டவணையில் உள்ள உயரம் நிலவையும் சூரியனையும் கொண்டு கணக்கிடப்பட்டது. வானிலை அதில் இல்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். வழக்கமான 1,013-இலிருந்து 970 வரை இறங்கிய ஆழமான தாழ்வழுத்தம் கடந்து செல்லும் நாளில், அட்டவணை சொல்வதைவிட நாற்பது சென்டிமீட்டர் அளவுக்கு நீர் மேலே நிற்கும். கரையை நோக்கிக் காற்று தொடர்ந்து வீசினால் அது இன்னும் கூடும். இத்தகைய நாட்களில் கடற்கரைத் துண்டைத் தவிர்த்து உள்நாட்டுச் சுற்றுப்பாதையில் போகுமாறுதான் நான் சொல்வேன். அட்டவணையின் நேரம் அந்த ஊரின் அன்றாட நேரத்தில் தரப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன.

கரையில் இறங்குமுன் மேலேயே நின்று பத்துப் பதினைந்து நிமிடம் அலைகளைப் பாருங்கள். புயலில் பிறந்து தொலைதூரம் பயணம் செய்து வரும் அலைகள் கூட்டங் கூட்டமாக வருகின்றன. பத்து நிமிடம் அடங்கியிருந்துவிட்டுப் பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வெகு தூரம் மேலேறும். ஐஸ்லாந்தின் ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் இப்படிப் பாய்ந்து வந்த அலைகள் கரையில் நின்றவர்களை இழுத்துச் சென்று உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. ஒரு பாறை ஈரமாகப் பளபளக்கிறது என்றால் மழையும் காரணமாக இருக்கலாம், அலையும் காரணமாக இருக்கலாம். மழை நாளில் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், கடற்பாசியும் கறுத்த படிவும் இருக்கும் கோட்டுக்குக் கீழே நிற்கவே வேண்டாம்.

நான்காம் படி: காற்றுக்கு ஓர் எல்லை வைத்தல்

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுக்கத் தொடங்கிய காற்று அளவுகோல் இன்றும் வானிலை அறிக்கைகளில் இருக்கிறது. நடப்பவருக்கு அதில் மூன்று படிகள் போதும். ஆறாம் எண், அதாவது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை: குடை பிடிப்பது கடினம். ஏழாம் எண், 50 முதல் 61 வரை: காற்றை எதிர்த்து நடப்பது சிரமம். எட்டாம் எண், 62 முதல் 74 வரை: நடையே தடைப்படும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 30 கிலோமீட்டர் காற்று 60 ஆகும்போது அது உங்களை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வலுவாகத் தள்ளும்.

அறிக்கையில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், திடீர் வீச்சு எவ்வளவு என்பதைப் பாருங்கள். வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் ஓங்கல் விளிம்பை ஒட்டிய பாதைக்கு நான் போவதில்லை. காட்டுக்குள்ளோ பள்ளத்தாக்கிலோ வேறு நடையைத் தேடிக்கொள்கிறேன். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று விளிம்பை நோக்கித் தள்ளுவதால் அதன் ஆபத்து வெளிப்படை. கடலிலிருந்து வீசும் காற்று உள்பக்கமாகத் தள்ளுவதால் பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் அதன் மீது சாய்ந்து நடந்து பழகிய உடல், காற்று ஒரு கணம் நின்றவுடன் கடல் பக்கமாகத் தடுமாறும். இரண்டு நிலையிலும் விளிம்பிலிருந்து விலகி நடப்பதுதான் வழி.

குளிரும் காற்றைப் பொறுத்ததுதான். வெப்பநிலை 5 பாகை செல்சியஸ், காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், திறந்த தோலுக்கு அது சுழியத்துக்கு ஒரு பாகை கீழே இருப்பது போல உறைக்கும். இந்தக் கணக்கு உலர்ந்த தோலுக்கானது. நனைந்த உடைக்குள் இருப்பவர் இன்னும் வேகமாக வெப்பத்தை இழப்பார்.

ஐந்தாம் படி: உடையும் பையும்

பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை மூன்றும் நீரை உறிஞ்சிக்கொண்டு, காயாமல், உடலோடு ஒட்டிக் குளிரூட்டிக்கொண்டே இருக்கும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன் மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை, எல்லாவற்றுக்கும் மேல் தையல்கள் நாடா ஒட்டி அடைக்கப்பட்ட மழை ஜாக்கெட் என்ற மூன்று அடுக்கு போதுமானது. மழைக்கான மேல் கால்சட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நனைந்த தொடையில் காற்று படும்போதுதான் உடல் வேகமாகக் குளிர்கிறது என்பதால் அதை நான் ஜாக்கெட்டுக்கு இணையாக மதிக்கிறேன்.

ஜாக்கெட் உள்ளே ஈரமாகிவிட்டால் அது ஒழுகுகிறது என்றே எல்லோரும் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் அது நம் வியர்வை. மேல் துணியின் நீர் விலக்கும் பூச்சு தேய்ந்ததும் துணி நீரை உறிஞ்சிக் கனக்கும். அதன் வழியாக வியர்வை ஆவி வெளியேற முடியாமல் உள்ளேயே நீராகும். நீர்த்துளிகள் உருண்டு ஓடாமல் துணியில் பரவி இருண்ட திட்டுகளாகத் தெரிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குரிய திரவத்தில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு மீளும். நடையில் இதைத் தவிர்க்க, சற்றுக் குளிராக உணரும் நிலையிலேயே கிளம்புங்கள். முதல் ஏற்றத்திலேயே உடல் சூடாகிவிடும். ஏறுமுன் ஃபிளீஸைக் கழற்றுவதும், நின்றவுடன் மறுபடி அணிவதும் தொல்லையாகத் தோன்றினாலும், நாள் முழுவதும் உலர்ந்திருப்பது அந்தச் சிறு தொல்லையால்தான்.

பைக்கு வெளியே போடும் மழை உறையை ஓங்கல் காற்று எளிதாகப் பிடுங்கிச் சென்றுவிடும். பைக்கு உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பையை விரித்து எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயைச் சுருட்டிவிடுவதே உறுதியான வழி. அதற்குள் இருக்க வேண்டியவை: கூடுதலாக ஒரு சூடான மேலாடை, கம்பளித் தொப்பி, இரண்டாவது கையுறை ஜோடி, உலர்ந்த காலுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில், முதலுதவிப் பொருட்கள், ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் அவசரகால வெப்பப் பை, பிளாஸ்க்கில் சூடான இனிப்புப் பானம், கையுறையைக் கழற்றாமல் எடுத்துத் தின்னக்கூடிய உணவு. டார்ச்சைப் பகல் நடைக்கும் எடுத்துச் செல்லுங்கள், புதிய பேட்டரியோடு.

கைபேசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை முனை ஒன்றில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்று, திரையில் வரைபடத்தைத் திறந்தேன். மழைத்துளிகள் திரையில் விழ விழ, அவற்றையே விரல் தொடுதலாக எடுத்துக்கொண்டு வரைபடம் தானாக நகர்ந்தது, பெரிதானது, பிறகு வேறொரு செயலிக்குத் தாவியது. என் விரலோ குளிரிலும் ஈரத்திலும் இருந்ததால் திரை அதை உணரவே இல்லை. காலையில் நிறைந்திருந்த பேட்டரி குளிரில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்று கைகொடுத்தது சட்டைக்குள் இருந்த காகித வரைபடம்தான். அன்றிலிருந்து காகித வரைபடத்தை ஒளிபுகும் உறையில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டும், கைபேசியை உடல் சூடு படும்படி உள்பையில் அவசரத்துக்கென வைத்தும் நடக்கிறேன்.

காலணியில் நீர் புகாமை இரண்டாம்பட்சம், பிடிமானமே முதன்மை. அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் இருக்க வேண்டும், கணுக்கால் அசையாமல் பிடிக்க வேண்டும். சேறும் நீரும் மேலிருந்து புகாமல் இருக்கக் கணுக்கால் உறை உதவும்.

ஆறாம் படி: ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புதல்

எங்கே தொடங்குகிறீர்கள், எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்பிவிடுவீர்கள், அந்த நேரத்தைத் தாண்டி எத்தனை மணி வரை செய்தி இல்லையென்றால் மீட்புத் துறையை அழைக்க வேண்டும் என்ற நான்கையும் எழுத்தில் கொடுங்கள். கடைசி விவரம் இல்லாவிட்டால், வீட்டில் இருப்பவர் அழைக்கலாமா வேண்டாமா என்று தயங்கியே இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுவார்.

ஏழாம் படி: பாதையில் காலடி

நாள்கணக்கில் மழை குடித்த மண் கனத்தும் இளகியும் இருக்கும். ஓங்கலின் விளிம்பு மேலிருந்து பார்க்கப் புல் மூடிய உறுதியான தரை போலத் தெரிந்தாலும், அடியில் அலை அரித்து வெறும் புல்வேர்ப் பாய் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கலாம். மேலே நிற்பவருக்கு அதை அறிய வழியே இல்லை. விளிம்புக்கு இணையாகப் புல்லில் ஒரு விரிசல் ஓடினால், அந்தத் துண்டு ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டது. பாதை திடீரென உள்பக்கமாக வளைந்து புதிதாக மிதிபட்டிருந்தால் அந்தப் புதிய தடத்தையே பின்பற்றுங்கள். தடுப்பும் மாற்றுவழிப் பலகையும் இருந்தால் சொல்லவே வேண்டாம். களிமண் சரிவுகள் மழை நின்ற பிறகும், சில சமயம் நாட்கள் கழித்தும் சரிகின்றன. அதனால் மழை விட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் ஓங்கலின் அடியில் உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள்.

வழுக்கும் இடங்களைக் கண் பழகிக்கொள்ளும். பலர் மிதித்து மெருகேறிய சுண்ணாம்புக்கல், பச்சை படிந்த மரப்படிகள், மரப்பலகைப் பாலங்கள், ஈர இலைகள் மூடிய சரிவு ஆகிய நான்கும் சேற்றைவிட மோசமானவை. சேற்றில் கால் மெல்லச் சறுக்கும், உடலுக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கும். ஈரப் பலகையில் கால் ஒரே கணத்தில் போய்விடும். இறங்கும்போது அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் தரையில் படும்படி வையுங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் பெரும் உதவி. அதன் மணிக்கட்டு வாரை, விழுந்தால் கையை விடுவிக்க முடியாதபடி இறுக்கிக் கட்டாதீர்கள்.

காலையில் தாண்டிய ஓடை மாலையில் அதே ஓடையாக இருக்காது. நீர் கலங்கிப் பழுப்பாகி, அடிக்கல் தெரியாமல், முழங்காலை எட்டினால் அதில் இறங்க வேண்டாம். பாலம் வரை உள்ளே நடந்து சுற்றி வாருங்கள். அதற்காகத்தான் கணக்கில் அரை மணி நேரத்தை ஒதுக்கி வைத்தோம்.

எட்டாம் படி: வானத்தையும் கடலையும் பார்த்தபடி நடத்தல்

கடலோரத்தில் நடப்பவருக்கு மழை வருவது முன்பே தெரியும். தொடுவானத்தில் சாம்பல் நிறத் திரை ஒன்று மேகத்திலிருந்து நீர் வரை இறங்கியிருக்கும். அதன் அடியில் கடல் வெளிறிக் காணப்படும். அது பத்து கிலோமீட்டர் தொலைவில் இருந்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி நகர்ந்தால், பதினைந்து நிமிடம் கையில் இருக்கிறது. ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துக் கட்டவும், கையுறையின் விளிம்பை ஜாக்கெட் கைக்குள் செருகவும், விளிம்பிலிருந்து விலகிய பாதைப்பகுதியை எட்டவும் அது போதும். மழைத்திரைக்கு முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று தரையோடு பாய்ந்து வரும். முதல் துளிக்கு முன்பே அது வந்துவிடும் என்பதால் அந்தக் கணத்தில் ஒடுங்கிய இடத்தில் நிற்காதீர்கள்.

நான் இந்த நாட்களைத் தேடிப் போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓங்கல் விரிசல்களிலெல்லாம் குளிர்கால மழைக்குப் பிறகு அருவி இறங்கும். கடற்காற்று பலமாக வீசும்போது அந்த அருவி பாதி வழியில் தயங்கி, நூலாய்ப் பிரிந்து, விழுந்த விளிம்புக்கே மேல்நோக்கிப் பறந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் படும் துளி மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரியாது, உதட்டில் படும்போது மட்டும் நல்ல நீரா உப்பு நீரா என்பது தெரியும். உலர்ந்த நாளில் ஒரே சாம்பலாகத் தெரியும் பாறை, நனைந்ததும் தன் சிவப்பையும் ஊதாவையும் பச்சையையும் காட்டுகிறது. ஆற்று முகத்தில் பழுப்பு நீர் விசிறி போலப் பரவி, கடல் நீரோடு கலக்காமல் ஒரு கூர்மையான கோட்டில் நிற்கிறது. குடாக்களில் குவியும் நுரையைப் பலர் மாசு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மடிந்த நுண்பாசிகளின் கரிமப் பொருட்கள் கரைந்த நீரை அலை அடித்து நுரைக்கவைத்தது. நிமிர்ந்து நின்று இவற்றைப் பார்க்க வேண்டும் என்றால் நடையை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: குளிர் உடலுக்குள் இறங்குவதை அறிதல்

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது ஆபத்தான வெப்பக்குறைவு. அதற்கு உறைபனி தேவையில்லை. ஐந்து பாகை, மழை, காற்று, களைப்பு, பசி ஆகியவை சேர்ந்தாலே போதும். முதலில் நடுக்கம் வரும். பிறகு கை வழுக்கும், ஜிப்பைப் பிடிக்க வராது, கால் தடுக்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், அல்லது ஒன்றும் பேசாமல் பின்தங்குவார். பாதிக்கப்பட்டவர் தான் நன்றாகவே இருப்பதாகச் சொல்வார் என்பதால், உடன் வருபவர்தான் இதைக் கவனிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாவிட்டால் உடனே காற்று படாத மறைவிடத்துக்குப் போய், உணவும் கூடுதல் உடையும் கொடுத்து, அருகிலுள்ள கிளைப்பாதையில் வெளியேறுங்கள்.

நடுக்கம் நின்ற பிறகும் உடல் சூடாகாமல் இருந்தால் அது குணமாவதன் அறிகுறி அல்ல. நிலை முற்றுவதன் அறிகுறி. அவரைப் படுக்க வைத்து, அடியில் பை, கயிறு, உடை என்று எதையாவது விரித்துத் தரையிலிருந்து பிரியுங்கள். மறைவான இடம் இருந்தால் ஈர உடையை மெதுவாக மாற்றி வெப்பப் பைக்குள் வையுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மது கூடவே கூடாது. உதவியை உடனே அழையுங்கள்.

பத்தாம் படி: உதவி கேட்க வேண்டிய நிலை வந்தால்

112 என்ற எண் உலகின் பல நாடுகளில் கைபேசியிலிருந்து அவசர சேவைக்கு இணைக்கும். போகும் நாட்டின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் மீட்புப் பணி செய்யும் நாடுகளில் அவர்களையே கேளுங்கள். அலைவரிசை இல்லாத இடத்தில் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். இருட்டில் டார்ச்சாலும் இதே முறை. மூன்று முறை ஒலி திரும்பினால் யாரோ கேட்டுவிட்டார்கள்.

யாராவது விளிம்பிலிருந்து விழுந்தால் அவரை நோக்கி இறங்காதீர்கள். ஏறும் நீரில் சிக்கிக்கொண்டால் முனையைச் சுற்றி நீந்தவோ, தளர்ந்த ஓங்கலில் ஏறவோ முயலாமல், கடற்பாசிக் கோட்டுக்கு மேலே எட்டக்கூடிய மிக உயரமான பாதுகாப்பான இடத்துக்குப் போய் அழையுங்கள். முழங்கால் அளவு நீர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வெட்கப்பட்டுத் தாமதித்த அரை மணி நேரத்தில் மீட்பவர்களின் வேலையும் கடினமாகிவிடும்.

வீடு திரும்பிய பிறகு

காத்திருப்பவருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே. பிறகு ஜாக்கெட்டையும் காலணியையும் நல்ல நீரில் அலசுங்கள். கடல் தெறிப்பு உலர்ந்ததும் ஜிப் பற்களிலும் காலணியின் உலோகக் கண்களிலும் உப்பு வெள்ளைப் பொடியாகப் படிந்து அரிக்கத் தொடங்கும். காலணியின் உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹீட்டருக்கு அருகில் வைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். டார்ச்சைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள்.

வரைபடம் நனைந்திருந்தால் மடிக்காமல் விரித்துக் காயவிடுங்கள். காய்ந்ததும், எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள், அன்றைய காற்று எவ்வளவு, சேறு எங்கே ஆழம் என்பதை அதன் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். என் வரைபடங்களின் ஓரங்கள் இப்படி எண்களால் நிறைந்திருக்கின்றன. அடுத்த நடையின் நேரக் கணக்கை நெய்ஸ்மித் விதியிலிருந்து தொடங்கினாலும், முடிப்பது அந்த எண்களைப் பார்த்துத்தான்.